மர மொசைக்: வண்ணம் பூசாமல் மரத்திலேயே உருவாகும் சித்திரம்

மொசைக் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோருக்குப் பழைய வீடுகளின் தரைதான் நினைவுக்கு வரும். சிமெண்டுக் கலவையில் கல் சில்லுகளைத் தூவி, இறுகிய பிறகு இயந்திரத்தால் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கிய அந்தத் தரைக்கும், இங்கே பார்க்கப்போகும் மரச்சாமான்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. இரண்டிலுமே சிறு துண்டுகள் பல சேர்ந்து ஒரே பரப்பாகின்றன. இரண்டிலுமே துண்டுகள் பிடித்துக்கொண்ட பிறகு மேல்முகத்தைத் தேய்த்துச் சமப்படுத்தும்போதுதான் வேலையின் உண்மையான அழகு வெளிப்படுகிறது. ஆனால் தரையில் சில்லுகள் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. மர மொசைக்கில் ஒவ்வொரு துண்டும் எந்த மரத்திலிருந்து வர வேண்டும், எந்தக் கோணத்தில் அறுபட வேண்டும், அதன் ரேகை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பவை அனைத்தும் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகின்றன.

வெவ்வேறு நிறமுள்ள மரங்களைச் சிறு துண்டுகளாக்கி, அவற்றை இடைவெளியின்றிப் பொருத்தி, மேசை, பெட்டி, அலமாரி போன்றவற்றின் மேற்பரப்பில் கோலமோ உருவமோ அமைப்பதையே மர மொசைக் என்கிறோம். தொடக்க நிலையில் உள்ள வாசகர் இதில் இரண்டு செய்திகளை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். முதலாவது, கண்ணுக்குத் தெரியும் நிறம் மேலே பூசப்பட்டதன்று. அந்தத் துண்டின் மேலிருந்து அடிவரை அதே நிறம்தான் இருக்கும். ஆகவே பரப்பு அழுக்கேறினால் மெல்ல இழைத்து விடலாம், சித்திரம் அழியாது. இரண்டாவது, இத்தகைய மரச்சாமானில் எடையைத் தாங்கும் உடல் ஒன்று, சித்திரம் தாங்கும் தோல் வேறொன்று. தோல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில்கூட இருக்கலாம். உடலும் தோலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்தான் அந்தச் சாமானின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

நிறங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் பார்ப்போம். வைரம் பாய்ந்த மரம் என்று நாம் பேச்சு வழக்கில் சொல்வதன் பொருள் இந்தக் கலையில் கண்கூடாகத் தெரியும். பல மரங்களில் வெளிப்புற வளையங்கள் வெளிறியும் நடுவிலுள்ள வைரம் அடர்ந்த நிறத்திலும் இருப்பதால், ஒரே மரத்திலிருந்தே இரண்டு நிறங்கள் கிடைக்கும். கருங்காலியின் வைரம் கறுப்பு. ஈட்டியின் வைரம் ஊதா கலந்த பழுப்பு, அதன் ஊடே கருவரிகள் ஓடும். பலா அறுத்த புதிதில் பளிச்சென்ற மஞ்சளாக இருந்து, நாளடைவில் தேன் நிறத்துக்கும் பிறகு பழுப்புக்கும் மாறும். இலங்கையின் காலி நகரத் தச்சர்கள் 19ஆம் நூற்றாண்டில் இந்த நிற வேறுபாட்டையே மேசையின் பொருளாக்கினார்கள். கருங்காலி, முதிரை, பலா, தென்னை எனத் தீவில் விளையும் மரங்களின் துண்டுகளை மேசையின் மேல்முகத்தில் நடுவிலிருந்து விரியும் கதிர்களாக இழைத்தார்கள். அன்று அங்கு வந்து போன ஐரோப்பியருக்கு அது சாப்பாட்டுக் கூடத்தில் வைக்கும் மேசையாகவும், அந்த மண்ணின் மரங்களை வரிசையாகக் காட்டும் மாதிரிப் பலகையாகவும் இருந்தது.

மரங்கள் தாராளமாகத் தரும் நிறங்கள் கறுப்பு, பழுப்பு, சிவப்பு, மஞ்சள், வெளிர்மஞ்சள் ஆகியவைதாம். இலை வரைய வேண்டுமென்றால் பச்சைக்கு எங்கே போவது? இத்தாலியின் 15ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர்களும், பிற்பாடு இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரத்தாரும் இதற்குக் கண்டறிந்த விடை வியக்க வைப்பது. காட்டில் விழுந்து கிடக்கும் கிளைகளில் குளோரோசிபோரியா என்ற ஒருவகைப் பூஞ்சை படர்ந்தால், மரத்தின் உட்பகுதி முழுவதும் நீலம் கலந்த பச்சையாகிவிடும். உளுத்துப் போவதற்கு முன்பே அத்தகைய கிளையை எடுத்து, தேவையான துண்டை மட்டும் அறுத்துக்கொண்டார்கள். நூற்றாண்டுகள் கடந்தும் அந்தப் பச்சை நிலைத்திருக்கிறது. சாம்பல் நிறத்துக்கும் கறுப்புக்கும் வேறொரு வழி இருந்தது. துவர்ப்புச் சத்துள்ள மரத்தை இரும்புச் சத்துள்ள நீரில் ஊறவைத்தால் அது கறுத்துப் போகும். கடுக்காயில் தோய்த்த துணியின்மீது இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் வரையும்போது கலம்காரியில் கறுப்புக் கோடு எழுவதும் இதே வேதிவினையால்தான்.

நிழல் காட்டும் முறை இதைவிட எளியது. கடலை வறுப்பவரின் வாணலியில் இருக்குமே, அதுபோன்ற சூடான மணல்தான் இதற்கும் கருவி. ஒரு ரோஜா இதழை வளைந்தது போலக் காட்ட வேண்டுமானால், இதழ் வடிவில் அறுத்த மெல்லிய வெண்மரத் துண்டின் ஓர் ஓரத்தை மட்டும் இடுக்கியால் பிடித்துச் சூடான மணலில் சில நொடிகள் செருகுவார்கள். மணலின் ஆழத்தில் சூடு மிகுதி, மேலே குறைவு. ஆகவே துண்டின் ஓரம் கருகி, அங்கிருந்து படிப்படியாக வெளிறிக்கொண்டே வரும் நிழல் தானாகவே உண்டாகும். ஒரு நொடி கூடினால் துண்டு கரியாகிவிடும். நெருப்பில் நேராகக் காட்டினால் இந்த மென்மையான படிநிலை கிடைப்பதில்லை.

துண்டுகளைச் சேர்க்கும் முறைகள் பல நாடுகளில் பல பெயர்களில் வழங்கினாலும், அடிப்படையில் மூன்று வழிகளுக்குள் அவற்றை அடக்கிவிடலாம்.

தென்னிந்திய வாசகர்களுக்குப் பழக்கமானது, குடைந்து பதிக்கும் வழி. மைசூருக்குச் சுற்றுலா போய் வந்தவர் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும் யானைப் படத்தையோ, கிராமத்துக் காட்சியையோ நினைத்துக்கொள்ளுங்கள். ஈட்டிப் பலகை பின்னணியாகும். உருவங்களுக்கான துண்டுகளை வெவ்வேறு மரங்களின் மெல்லிய தகடுகளிலிருந்து நுண்ணிய ரம்பத்தால் அறுத்தெடுத்து, அவற்றின் விளிம்பைப் பலகையின்மீது கூரிய முனையால் கீறி, கீறலுக்கு உட்பட்ட பகுதியைச் சிற்றுளியால் துண்டின் கனத்துக்குக் குடைந்து, பசையிட்டு அமர்த்துகிறார்கள். பின்பு முழுப் பரப்பையும் உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துகிறார்கள். மைசூர் அரண்மனையின் கதவுகளில் ஒருகாலத்தில் தந்தம் இந்த வழியில்தான் பதிக்கப்பட்டது. 1986இல் இந்திய யானைத் தந்த வணிகமும், 1991இல் ஆப்பிரிக்கத் தந்த இறக்குமதியும் இந்தியச் சட்டத்தால் நின்றபின், வெண்மைக்கும் வெளிர் நிறமுள்ள மரங்களையே நம்ப வேண்டியதாயிற்று. என் பார்வையில் அது இந்தக் கலைக்கு நேர்ந்த நன்மை. மரத்தோடு மரம் சேரும்போது வரும் இணக்கம் தந்தத்தில் வருவதில்லை. மைசூர் ஈட்டிமர இழைப்பு வேலை 2005-06ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு பெற்றது.

இரண்டாவது வழியில் பலகையைக் குடைவதே இல்லை. பின்னணி, உருவம் இரண்டையுமே மெல்லிய தகடுகளிலிருந்து அறுத்து, புதிர்ப்படத் துண்டுகளைப் போல ஒன்றோடொன்று பொருத்தி, ஒரே விரிப்பாக்கி, அதை மரச்சாமானின் உடல்மீது ஒட்டிவிடுகிறார்கள். இத்தாலியின் குப்பியோ நகரில், 1478க்கும் 1482க்கும் இடையே, ஃபெதெரிகோ தா மோந்தெஃபெல்த்ரோ என்ற கோமகனுக்காக ஒரு சிறிய படிப்பறையின் சுவர்கள் முழுவதும் மரத் துண்டுகளாலேயே இழைக்கப்பட்டன. அந்த அறை இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. பாதி திறந்த அலமாரிக் கதவுகள், உள்ளே புத்தகங்கள், இசைக்கருவிகள், அளவைக் கருவிகள் என அத்தனையும் தட்டையான மரப்பரப்புதான் என்று தொட்டால்தான் நம்ப முடியும். இத்தாலியத் தச்சர்கள் இதில் துண்டுகளுக்கான இடத்தைக் குடைவதையும் பொருத்துவதையும் சேர்த்தே செய்தனர். தகடுகளை மட்டுமே கொண்டு விரிப்பு அமைக்கும் முறை பிரான்சில் முழு வளர்ச்சி பெற்றது.

பிரெஞ்சுத் தச்சர்களின் ஒரு சூழ்ச்சியை மட்டும் இங்கே விளக்குகிறேன், ஏனெனில் அதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும். இரண்டு நிறத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டி, ஒரே வீச்சில் ஒரு பூவை அறுப்பதாகக் கொள்வோம். இப்போது நம்மிடம் இரண்டு பூக்களும், பூ வடிவில் ஓட்டை விழுந்த இரண்டு தகடுகளும் இருக்கும். கறுப்புப் பூவை வெள்ளைத் தகட்டிலும், வெள்ளைப் பூவைக் கறுப்புத் தகட்டிலும் செருகினால், ஒரே உழைப்பில் ஒன்றுக்கொன்று எதிர்நிறமான இரண்டு சித்திரங்கள் கிடைக்கும். பதினான்காம் லூயியின் அரசவைத் தச்சரான ஆந்த்ரே-சார்ல் பூல் (1642-1732) ஆமை ஓட்டையும் பித்தளைத் தகட்டையும் இப்படி மாற்றிச் செருகிச் செய்த சோடி அலமாரிகள் புகழ் பெற்றவை. இதே மரபின் உச்சமாகப் பலர் கருதும் பதினைந்தாம் லூயியின் எழுதுமேசையை 1760இல் ழான்-ஃபிரான்சுவா ஊபென் தொடங்கினார்; அவர் மறைந்த பிறகு ழான்-ஆன்ரி ரீஸ்னர் 1769இல் முடித்தார். வெர்சாய் அரண்மனையில் அது இருக்கிறது.

இனி மூன்றாவது வழிக்கு வருவோம். மொசைக் என்ற பெயருக்கு முழுத் தகுதியுள்ளது இதுவே என்று நான் எண்ணுகிறேன்.

ஒரு வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். வில்லையின் முகத்தில் ஐந்து மூலையுள்ள ஒரு நட்சத்திரம் தெரியும். அடுத்த வில்லையிலும் அதே நட்சத்திரம், அதற்கடுத்ததிலும் அதே. நட்சத்திரத்தை யாரும் வரையவில்லை. காயின் நீளம் நெடுகிலும் அது உள்ளேயே இருக்கிறது, கத்தி அதைத் திறந்து காட்டுகிறது, அவ்வளவுதான். நிறம் நிறமான மரக்குச்சிகளை வேண்டிய வரிசையில் அடுக்கிப் பசையிட்டுக் கட்டினால், அந்தக் கட்டும் ஒரு வெண்டைக்காயாகிவிடும். குறுக்கே அறுக்க அறுக்க, ஒவ்வொரு வில்லையிலும் ஒரே கோலம். கைவினைஞர் கோலத்தை ஒருமுறை உருவாக்குகிறார், நூறுமுறை எடுத்துக்கொள்கிறார்.

ஈரானின் ஷிராஸ், இஸ்பஹான் நகரங்களில் செய்யப்படும் காதம் வேலை இதன் மிக நுண்ணிய வடிவம். அதன் அடிப்படை அலகு, பக்கம் ஓரிரு மில்லிமீட்டரே உள்ள முக்கோணக் குச்சி. கருங்காலி, இலந்தை இனத்து மரம், நாரத்தை இனத்து மரம், ஒட்டக எலும்பு, பித்தளை ஆகியவற்றை இப்படி முக்கோணக் குச்சிகளாக அராவி எடுக்கிறார்கள். நடுவில் மெல்லிய பித்தளைக் கம்பி, சுற்றிலும் முக்கோணங்கள் என்று அடுக்கி, நூலால் இறுகச் சுற்றிப் பசை காயும்வரை விட்டால், அறுகோண முகமுள்ள ஒரு கோல் கிடைக்கும். அத்தகைய கோல்கள் பலவற்றை ஒன்றுசேர்த்து அழுத்திக் கட்டையாக்கி, அந்தக் கட்டையை மெல்லிய வில்லைகளாக அறுத்து, பெட்டியின்மீதோ நாற்காலியின் கை மீதோ ஒட்டுகிறார்கள். விரல்நுனி மறைக்கும் இடத்துக்குள் பல நட்சத்திரங்கள் அடங்கும். இந்த வேலை ஷிராஸிலிருந்து சிந்து வழியாகச் சூரத்துக்கும் பம்பாய்க்கும் வந்து, சந்தனம், கருங்காலி, தந்தம், வெள்ளீயம் ஆகியவற்றோடு சாதேலி என்ற பெயரில் வளர்ந்ததாக 19ஆம் நூற்றாண்டுக் கைவினைக் குறிப்புகள் கூறுகின்றன.

ஜப்பானின் ஹகோனே மலைப்பகுதியில் இதே எண்ணம் வேறொரு திசையில் போனது. எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் இணைத்த தொகைதோ நெடுஞ்சாலை அந்த மலையைக் கடந்து சென்றது. வழிப்போக்கர்கள் தங்கும் ஹதாஜுக்கு என்ற ஊரில், இஷிகாவா நிஹேய் (1790-1850) என்பவர் யோசெகி எனப்படும் மர மொசைக்கைத் தொடங்கி வைத்ததாகக் கொள்கிறார்கள். அம்மலையில் வெள்ளை, மஞ்சள், பழுப்பு, கறுப்பு எனப் பல நிற மரங்கள் அருகருகே வளர்ந்தது அதற்கு வாய்ப்பானது. அங்கேயும் குச்சிகளைக் குறிப்பிட்ட கோணங்களில் இழைத்து, ஒட்டி, வடிவக் கட்டை செய்கிறார்கள். அவற்றை மீண்டும் அறுத்து, மீண்டும் சேர்த்துப் பெரிய பலகையாக்குகிறார்கள். வேறுபாடு அதற்குப் பிறகுதான் வருகிறது. ஹகோனே கைவினைஞர் அந்தப் பலகையை ரம்பத்தால் அறுக்காமல் இழைப்புளியால் சீவுகிறார். சுமார் 0.2 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு சீவல், கோலம் முழுவதும் சிதையாமல், காகிதம் போலச் சுருண்டு வெளிவருகிறது. அதைச் சூட்டுப்பெட்டியால் தேய்த்து நிமிர்த்திப் பெட்டியின்மீது ஒட்டுகிறார்கள்.

ஏன் இழைப்புளி என்பதை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள வடிவப் பலகையை ஒரு மில்லிமீட்டர் வில்லைகளாக ரம்பத்தால் அறுப்பதாகவும், ரம்பப் பல் ஒவ்வோர் அறுப்பிலும் ஒரு மில்லிமீட்டரைத் தூளாக்குவதாகவும் கொண்டால், ஐந்து வில்லைகள் தேறும். பாடுபட்டுச் சேர்த்த கோலத்தில் கிட்டத்தட்டப் பாதி, மரத்தூளாகப் போய்விடும். அதே பலகையை 0.2 மில்லிமீட்டராகச் சீவினால் தூளே இல்லை, ஏறத்தாழ ஐம்பது சீவல்கள் கிடைக்கும். அதற்காக இழைப்புளியின் அலகைத் தீட்டித் தீட்டிக் கண்ணாடியாக்க வேண்டும், கையின் அழுத்தம் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மாறாதிருக்க வேண்டும். திறக்கும் வழி எளிதில் புலப்படாத ஹகோனேயின் ரகசியப் பெட்டிகளை அலங்கரிப்பவை இந்தச் சீவல்கள்தாம். மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868-1912) ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்ட சிறு அலமாரிகளும் எழுதுமேசைகளும் இவற்றால் மூடப்பட்டன. ஜப்பானிய அரசு 1984இல் இதை மரபுக் கைவினையாக அறிவித்தது. ஆண்டுதோறும் சனவரியில் டோக்கியோவிலிருந்து ஹகோனேக்கு நடக்கும் பல்கலைக்கழகத் தொடரோட்டத்தில், முதல் நாள் வெல்லும் அணிக்கு யோசெகிக் கோப்பை வழங்குவது வழக்கம்.

சித்திரம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதைத் தாங்கும் உடல் சரியில்லையென்றால் சில ஆண்டுகளில் எல்லாம் பெயர்ந்துவிடும். மரம் வெட்டிய பின்னும் ஈரத்தை உறிஞ்சுவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. ஈரத்தால் அது நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாக்கில் நன்றாகவே விரியும், சுருங்கும். அதிலும் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் உண்டாகும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் உண்டாவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மொசைக் பரப்பிலோ துண்டுகளின் ரேகை ஆளுக்கொரு திசையில் ஓடுகிறது, ஒவ்வொரு மரத்தின் இயல்பும் வேறு. அடியிலுள்ள பலகை முழுமையாக ஒரு திசையில் விரியும்போது மேலேயுள்ள தோல் அதனோடு சேர்ந்து நகர முடியாமல் விரிசல் விடுகிறது அல்லது எழும்பிக்கொள்கிறது. இதனால்தான் நல்ல தச்சர்கள் உடலுக்கு ஆண்டுக்கணக்கில் உலர்த்திய மரத்தையோ, ரேகைகள் மாறி மாறி அடுக்கப்பட்டதால் அதிகம் அசையாத பிளைவுட்டையோ தேர்ந்தெடுக்கிறார்கள்; மேல்முகத்தில் தகடு ஒட்டினால் அடிமுகத்திலும் ஒரு சாதாரணத் தகட்டை ஒட்டி இழுப்பைச் சமன் செய்கிறார்கள்.

என் எழுதுமேசை மீது மொசைக் மூடி போட்ட ஒரு சிறு பெட்டி பல ஆண்டுகளாக இருக்கிறது. வறண்ட ஊரில் வாங்கிய அதைச் சென்னைக்குக் கொண்டுவந்து சன்னலோரம் வைத்தேன். முதல் ஐப்பசி மழையிலேயே மூடியின் ஓரப்பட்டையில் ஒரு நகத்தளவு எழும்பி நின்றது. விரலால் அழுத்தினால் ‘டிக்’ என்ற மெல்லிய ஓசையோடு அமர்ந்து, கையை எடுத்ததும் மீண்டும் எழும்பியது. கோடையில் தானாகவே படிந்துவிட்டது, ஆனால் நகத்தால் தட்டினால் மற்ற இடங்களில் கேட்கும் கெட்டியான ஓசை அங்கே மட்டும் கேட்கவில்லை. உள்ளே பசை விட்டிருந்தது. பழைய மொசைக் சாமான் வாங்குகிறவர்கள் இப்படிப் பரப்பு முழுவதும் நகத்தால் மெல்லத் தட்டிப் பார்ப்பது நல்லது. எங்கே ஓசை பொள்ளலாக ஒலிக்கிறதோ அங்கே தோல் உடலை விட்டுப் பிரிந்திருக்கிறது.

அச்சிட்ட படத்தை ஒட்டிவிட்டு மொசைக் என்று விற்பதும் நடக்கிறது. அதைக் கண்டுகொள்ள ஒளியே போதும். சாமானைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால், உண்மையான மொசைக்கில் ஒவ்வொரு துண்டின் ரேகையும் வெவ்வேறு திசையில் இருப்பதால் சில துண்டுகள் மின்னும், சில இருளும். மறுபுறம் சாய்த்தால் மின்னியவை இருண்டு, இருண்டவை மின்னும். அச்சில் இந்த மாற்றம் வராது. மூடியின் விளிம்பையும் பார்க்க வேண்டும். அங்கே தகட்டின் கனம் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும், மேலே உள்ள நிறம் அந்தக் கனத்திலும் தொடரும். விலை குறித்தும் ஒரு சொல். ஈட்டி உள்ளிட்ட தால்பெர்ஜியா இனங்களின் பன்னாட்டு வணிகம் 2017 முதல் கட்டுப்பாட்டில் உள்ளது. தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைக் காக்க 1994லேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. எனவே முழுக்க ஈட்டியாலான பெரிய சாமான் மலிவாகக் கிடைக்கிறது என்றால் ஐயப்படுவதே முறை. ஈட்டி தோலாக மட்டும் இருப்பதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. அரிய மரத்தைச் சிறிதளவே செலவிட்டு நிறைந்த அழகைப் பெறும் வழி அது.

பராமரிப்பில் முதல் எதிரி வெயில். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மேசைகளின் பூக்கள் செய்த காலத்தில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சாயமேற்றிய துண்டுகளால் ஒளிர்ந்தன. இன்று அவற்றில் பலவற்றை நாம் பழுப்பின் பல சாயல்களாகவே காண்கிறோம். வெளிச்சம் படாத உட்புறங்களில் மட்டும் பழைய நிறம் எஞ்சியிருக்கிறது. நேர் வெயிலும், ஏசியின் காற்று நேராக வந்து மோதும் இடமும் வேண்டாம். ஈரத்துணியால் துடைக்காமல் உலர்ந்த மென்துணியால் ரேகைப்போக்கில் துடைத்தால் போதும்.

எழும்பிய துண்டைத் திரும்ப ஒட்டும் முறை, அது எந்தப் பசையால் ஒட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. நம் ஊர்த் தச்சர்கள் ஒருகாலத்தில் சிறு சட்டியில் காய்ச்சிப் பயன்படுத்திய வஜ்ரம், விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்த பசை. சூடும் ஈரமும் பட்டால் அது இளகும், ஆறினால் பிடித்துக்கொள்ளும். எனவே நூறாண்டு கழித்தும் ஒரு துண்டைச் சேதமின்றிக் கழற்றி மீண்டும் அமர்த்த முடிகிறது. இன்றைய வெள்ளைப் பசை அப்படி எளிதில் இளகாது. என் பெட்டிக்கு வஜ்ரம்தான் போட்டிருந்தார்கள். எழும்பிய பட்டையின்மீது துணியை மடித்து வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியைச் சில நொடிகள் வைத்து எடுத்து, அதன்மேல் ஒரு தட்டைப் பலகையைக் கிடத்தி, அம்மிக்குழவியைப் பாரமாக ஏற்றி ஓர் இரவு விட்டேன். காலையில் நகத்தால் தட்டியபோது ஓசை கெட்டியாக இருந்தது.